வெயில் மட்டும் போக்காத வாடை

சேலம், நாமக்கல் பக்கத்து வீடுகளில் தரைவிரிப்பு என்றால் பெரும்பாலும் ஜமக்காளம்தான். 2005இல் புவிசார் குறியீடு பெற்ற பவானி ஜமக்காளம் நெய்யப்படும் ஊர், நாமக்கல் மாவட்டத்துக் குமாரபாளையத்துக்கு நேர் எதிரே, காவிரியின் அக்கரையில் இருக்கிறது. வீட்டு நாயோ பூனையோ விரிப்பின் மேல் சிறுநீர் கழித்துவிட்டால் நாம் செய்வது ஏறக்குறைய ஒன்றுதான். ஜமக்காளத்தைச் சுருட்டி மொட்டைமாடி வெயிலில் போடுகிறோம். தரையை ஃபினாயில் ஊற்றித் துடைக்கிறோம். சாயங்காலத்துக்குள் வாடை போய்விடுகிறது. ஐப்பசி மழை பிடித்ததும் அதே மூலையிலிருந்து மறுபடி கிளம்புகிறது.

புதுச் சிறுநீரில் பெரும்பகுதி தண்ணீர், அடுத்தது யூரியா. இரண்டுமே நாறுவதில்லை. பாக்டீரியாக்கள் யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவாக்கும்போதுதான் மூக்கில் ஏறும் நெடி பிறக்கிறது. அந்தச் சிதைவுக்கு ஈரம் வேண்டும். நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உலர்ந்த எரு அவ்வளவாக நாறாது. கோழிக்குத் தண்ணீர் தரும் நிப்பிள் ஒழுகி எரு நனைந்த இடத்தில் கண் எரியும். கோழி கழிப்பது யூரிக் அமிலம், நாயும் பூனையும் கழிப்பது முக்கியமாக யூரியா. பொருள் வேறானாலும் ஈரம் செய்யும் வேலை ஒன்றே. ஆக, வெயில் நாற்றத்தை நிறுத்திவைக்கிறதே தவிர, நூலுக்குள் தங்கிய உப்பையும் யூரியாவையும் வெளியேற்றுவதில்லை.

அதற்காக இந்த வழக்கத்தைத் தள்ளிவிட முடியாது. தரையோடு ஒட்டிய கார்ப்பெட்டில் சிறுநீர் அடியிலுள்ள நுரைப்பஞ்சு வரை இறங்கிவிடும். மேலே எவ்வளவு தேய்த்தாலும் கீழே இருப்பது அப்படியே இருக்கும். ஜமக்காளத்தைத் தூக்கலாம், இருபுறமும் அலசலாம். நம் வெயிலில் சீக்கிரம் காய்வதால் பாக்டீரியாவும் பெருகாது. குறை வரிசையில்தான் இருக்கிறது: அலசுமுன் காயப்போடுகிறோம். முதலில் பழைய வேட்டித் துணியை மடித்து அழுத்தி ஈரத்தை உறிஞ்ச வேண்டும். தேய்த்தால் கறை பரவும். பிறகு பச்சைத்தண்ணீரில் தாராளமாக அலச வேண்டும். வெயில் கடைசி வேலை. உப்புச் சத்துள்ள போர் தண்ணீரில் சோப்பு திரிந்து நூலில் படியும். கொஞ்சம் டிடர்ஜென்ட் போதும், அதையும் மிச்சமில்லாமல் அலசிவிட வேண்டும்.

ஃபினாயில் ஒரு வாடையின் மேல் இன்னொரு வாடையைப் பூசுகிறது. கிருமி குறையலாம், யூரியா குறையாது. வீட்டில் பூனை இருந்தால் ஆபத்தும் உண்டு. ஃபீனால் வகைப் பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. ஈரத் தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும் பிராணி அது. பிளீச்சிங் பவுடர் இன்னும் மோசம். அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமின் என்ற, மூச்சைத் திணறவைக்கும் வாயு கிளம்பும். ஜமக்காளத்தின் சாயமும் வெளுத்துப்போகும்.

வினிகருக்கும் எலுமிச்சைக்கும் ஒரு நியாயம் உண்டு: அமிலம் அம்மோனியாவை அடக்கும். ஆனால் ஆப்பசோடாவையும் வினிகரையும் ஒன்றாக ஊற்றி, பொங்கும் நுரையைப் பார்த்து வேலை நடப்பதாக நம்புவது வீண். இரண்டும் ஒன்றையொன்று முறித்துவிடுகின்றன.

பூனை விஷயத்தில் அமிலம் எட்டாத இடமும் இருக்கிறது. அதன் சிறுநீரில் ஃபெலினைன் என்ற கந்தகம் கொண்ட அமினோ அமிலம் உண்டு. காயடிக்காத கடுவனிடம் அதிகம். அது சிதையும்போது வரும் கந்தக வாடைக்கு ஆக்சிஜனேற்றமே மருந்து. ஸ்கங்க் என்ற பிராணியின் நாற்றத்துக்காக அமெரிக்க வேதியியலர் பால் கிரெபாம் 1993இல் வெளியிட்ட முறை இதற்கும் பொருந்தும்: 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, ஆப்பசோடா, சில துளி திரவ சோப்பு. கலந்ததைப் புட்டியில் மூடிவைத்தால் வெடிக்கும். உடனே பயன்படுத்திவிட வேண்டும். சாயத்தையும் வெளுக்கக்கூடியது. எனவே சிவப்புப் பட்டையின் ஓரத்தில் வெள்ளைத் துணியால் ஒரு சொட்டு ஒற்றிப் பார்த்து, துணியில் சாயம் ஒட்டினாலோ பட்டை வெளிறினாலோ விட்டுவிடுவது நல்லது.

கடையில் விற்கும் என்சைம் திரவம் நாற்றத்தின் மூலப்பொருளையே சிதைக்கக்கூடியது. மற்றவற்றைவிட இதன் வழி சரியானது. ஆனால் யூரிக் அமிலப் படிகத்தைக் கரைப்பதாகச் சொல்லும் விளம்பரத்தை அப்படியே நம்ப வேண்டியதில்லை. டால்மேஷியன் இன நாய் போன்ற விதிவிலக்கைத் தவிர நாய், பூனைச் சிறுநீரில் அந்த அமிலம் சொற்பமே. தவிர, ஈரமாக இருக்கும்வரைதான் என்சைம் வேலை செய்யும். சித்திரை மாதச் சேலத்தில் தெளித்தது சீக்கிரமே காய்ந்துவிடும். நன்றாக நனைத்து, மேலே பாலித்தீன் தாளைப் போட்டு, சில மணி நேரம் விட்டால்தான் கொடுத்த காசுக்குப் பலன்.

வாடையின் மிச்சம் இருக்கும்வரை பிராணி அதே இடத்துக்குத் திரும்பும். அரைகுறைச் சுத்தம் அடுத்த கறைக்கு அழைப்பு. முழுக்கச் சுத்தம் செய்தபின்னும் தொடர்ந்தால் குறை விரிப்பில் இல்லை, உடம்பில் இருக்கலாம். முக்கி முக்கியும் சிறுநீர் வராத கடுவன் பூனைக்கு அது உயிர்ப் பிரச்சினை. மறுநாள் பார்க்கலாம் என்று விடாமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். 1985 முதல் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அவசரத்துக்கு ஃபினாயில் புட்டியைத் தேடும் வழக்கத்தைத்தான் நாம் மாற்றிக்கொள்ள வேண்டும். தண்ணீரும் வெயிலும் முறையான வரிசையில் வந்தால் முக்கால்வாசி வேலையை அவையே முடித்துவிடும்.