முடிக்காமல் விட்ட கோடு

இசாவோ தகாஹாதாவின் கடைசிப் படமான ‘இளவரசி ககுயாவின் கதை’யை (2013) முதல் தடவை பார்த்தப்போ, “இன்னும் வரைஞ்சு முடிக்கலையோ?” என்றுதான் தோன்றியது. பென்சில் கோடுகள் பாதியில் நிற்கின்றன. நீர்வண்ணம் விளிம்புவரை வருவதில்லை. திரையின் ஓரங்கள் வெள்ளையாகவே கிடக்கின்றன. வேலையிடத்தில் நாள் முழுக்கக் கணினியில் துல்லியமாகக் கோடு போடுகிற எனக்கு அது குறையாகப் பட்டது.

ஜப்பானின் மிகப் பழைய கதைகளில் ஒன்று இது. நிலவிலிருந்து வந்த குழந்தை மூங்கிலுக்குள் கிடைக்கிறாள். வளர்ப்புத் தந்தை அவளைத் தலைநகருக்குக் கூட்டிப்போய்ச் சீமாட்டியாக்கப் பார்க்கிறார். பெயர் சூட்டு விருந்தில் குடிபோதையில் சிலர் கேலி பேச, அவள் ஓடுகிறாள். பட்டாடைகள் ஒவ்வொன்றாய் உதிர்கின்றன. கோடுகளும் கூடவே கிறுக்கலாகி, முகமே கலைந்துவிடுகிறது. வழவழப்பான கணினிப் படத்தில் இந்தக் கோபம் இப்படி வந்திருக்குமா?

ஐந்து கனவான்கள் பெண் கேட்டு வரும் பகுதி கொஞ்சம் இழுவைதான். ஆனா முடிவில் நிலவுக்காரர்கள் இசையோடு இறங்குகிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குப் புரிந்தது. அவர்களிடம் துக்கமே இல்லை. பூமி அழுக்கு என்கிறார்கள், ககுயா மறுக்கிறாள். மேலாடையைப் போர்த்தியதும் எல்லாம் மறந்துபோகிறது. இருந்தும் அவள் பூமியைத் திரும்பிப் பார்க்கிறாள், கண்ணில் நீரோடு.

படமும் அவள் பக்கம்தான். குறை என்று நான் நினைத்த கோடுகள், அவள் விட்டுப்போக மனமில்லாத பூமியின் கோடுகள்.