பனை சிறப்புப்பெயர்தான்; ஆனால் ப்ராப்பர் நவுன் அன்று

தேர்வு முடிந்து வந்த என் பேத்தி, "தாத்தா, பனை சிறப்புப்பெயர்னு நீங்கதானே சொன்னீங்க? இங்கிலீஷ்ல 'பாம்' ப்ராப்பர் நவுன்னு எழுதினேன், தப்புன்னு அடிச்சிட்டாங்க" என்று கண் கலங்கினாள். பிழை குழந்தை மேல் இல்லை. ப்ராப்பர் நவுன் என்றால் சிறப்புப்பெயர் என்று அச்சிடும் கையேடுகள் மேலும், அதை விளக்காமல் விட்ட என் மேலும்தான்.

13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், இடுகுறிப்பெயரையும் காரணப்பெயரையும் பொது, சிறப்பு எனப் பகுத்தார். மரம் இடுகுறிப் பொதுப்பெயர், பனை இடுகுறிச் சிறப்புப்பெயர். பறவை காரணப் பொதுப்பெயர், மரங்கொத்தி காரணச் சிறப்புப்பெயர். ஆக, இங்கே சிறப்பு என்பது இனத்துக்குள் ஒரு வகை. ஆங்கில இலக்கணம் கேட்பது வகையை அன்று, குறித்த ஒன்றை. உலகத்துப் பனைகள் அத்தனைக்கும் பொருந்துவதால், 'பனை' அவர்களுக்குப் பொதுப்பெயரே.

பெரிய எழுத்தில் தொடங்கினால் ப்ராப்பர் நவுன் என்பதும் அரைகுறைப் பாடம். ஜெர்மன் மொழியில் எல்லாப் பெயர்ச்சொல்லும் பெரிய எழுத்தில்தான் தொடங்கும். தமிழிலும் இந்தியிலும் பெரிய எழுத்தே கிடையாது. அங்கெல்லாம் ஊர்ப்பெயர் இல்லாமலா போயிற்று? எழுத்து வெறும் அடையாளம்.

உண்மையான இலக்கணம் நம் தில்லித் தெருவிலேயே கிடக்கிறது. 1931இல் திறக்கப்பட்ட புது தில்லிக்குத் தொண்ணூறு வயது தாண்டியும் பெயர் 'புது'தான். கரோல் பாக்கில் 'பாக்' என்றால் தோட்டம். போய்ப் பாருங்கள், கடைதான் இருக்கிறது. செங்கோட்டை என்றால் இங்கே ஷாஜகான் கட்டிய கோட்டை. தென்காசிப் பக்கத்தில் ஓர் ஊர். பொருள் தேய்ந்தாலும், இரண்டு இடத்துக்கு இட்டாலும், அந்தந்த இடத்தில் ஒன்றையே சுட்டி நிற்பதுதான் ப்ராப்பர் நவுன்.

தொல்காப்பியரின் 'இயற்பெயர்' இதற்கு நெருங்கி வரும். சாத்தன் என்பது ஆளுக்கும் ஆகும், எருதுக்கும் ஆகும். ஆனால் ஊர், ஆறு, கோட்டை எல்லாம் அதில் அடங்கா. எனவே ப்ராப்பர் நவுனைத் 'தனிப்பெயர்' என்போம். சிறப்புப்பெயரை நன்னூலுக்கே விட்டுவிடுவோம்.

கடைக்காரன் கணக்கில் சொன்னால், பருப்பு பொது, துவரை சிறப்பு. இரண்டும் சரக்கு ஏட்டில் இருக்கும். வாங்கினவர் பெயருக்குப் பேரேட்டில் தனிப் பக்கம். துவரையைக் கொண்டுபோய் ஆள் பக்கத்தில் எழுதினால் கணக்கு நிற்குமா? பேத்திக்கு இப்போது இப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தேர்வுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.