ஆக்சுவலி, எரிச்சல் யார்மேல?

ஆக்சுவலி, பேசிக்கலி, ஸோ, லைக், யூ நோ, ஐ மீன். இந்த ஆறு சொல்லும் இன்றைக்குப் பலருக்கு எரிச்சல். தர்மபுரியிலிருந்து பெங்களூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால், கிருஷ்ணகிரி வருவதற்குள் பக்கத்து சீட்டு போன் பேச்சிலேயே ஆறையும் கேட்டுவிடலாம். "இங்கிலீஷும் உருப்படியா வராது, தமிழும் உருப்படியா வராது, நடுவுல இது ஒண்ணு" என்று பெரியவர்கள் முணுமுணுப்பதையும் கூடவே கேட்கலாம்.

இந்தப் புலம்பல் நம்ம ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்காவில் மாரிஸ்ட் கருத்துக்கணிப்பில் 2009-இல் மக்களை மிகவும் எரிச்சல்படுத்திய சொல் 'வாட்எவர்'. அடுத்த பல வருஷம் அதுவே முதலிடத்தில் இருந்தது. 2013-இல் 'லிட்டரலி' என்ற சொல்லுக்கு, 'அழுத்தத்துக்காகச் சும்மா சொல்வது' என்ற பொருளையும் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி சேர்த்திருப்பதைக் கண்டுபிடித்து இங்கிலாந்தில் பெரிய கூச்சல் போட்டார்கள். அந்தப் பொருளுக்கு அகராதி காட்டும் முதல் சான்று 1769-ஆம் ஆண்டு நாவல் ஒன்றில் இருக்கிறது. இருநூற்றைம்பது வருஷப் பழக்கத்தை நேற்று வந்த கெடுதல் என்று நினைத்துக்கொண்டார்கள். எரிச்சலுக்கு ஞாபகசக்தி கொஞ்சம் கம்மி.

சரி, இந்தச் சொற்கள் வெறும் குப்பையா? 2002-இல் ஹெர்பர்ட் கிளார்க், ஜீன் ஃபாக்ஸ் ட்ரீ என்ற இரண்டு உளவியலாளர்கள் 'காக்னிஷன்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆங்கிலம் பேசுகிறவர்கள் நடுவில் இழுக்கும் 'அ...', 'அம்...' இரண்டும் ஒன்றல்ல என்பது அவர்கள் சொன்னது. சின்னத் தாமதம் என்றால் முதலாவது வருகிறது, பெரிய தாமதம் என்றால் இரண்டாவது. 'இருங்க, இன்னும் முடிக்கல, சொல்லு தேடிட்டிருக்கேன்' என்று எதிராளிக்குக் கொடுக்கும் சைகை அது.

இதைப் புரிந்துகொள்ளத் தமிழனுக்கு அமெரிக்கா வரைக்கும் போக வேண்டியதில்லை. தொல்காப்பியத்தில் இடையியல் என்று ஒரு இயலே இருக்கிறது. தனியாக நின்றால் பொருள் தராத சின்னச் சொற்களை அது வரிசைப்படுத்தி, எது என்ன வேலை செய்கிறது என்று சொல்கிறது. 'அம்ம' என்பது எதிராளியைக் கேட்க வைக்கும் சொல். இன்றைய 'யூ நோ' செய்யும் வேலை கிட்டத்தட்ட அதேதான். 'அரோ', 'மாது' மாதிரியானவை வெறும் அசை. 'மன்' என்ற இடைச்சொல்லுக்குக் கழிவு, ஆக்கம், ஒழியிசை என்று மூன்று குறிப்பு உண்டு. தகடூர் அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூறு 235-ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். அதில் 'மன்' திரும்பத் திரும்ப வருகிறது. 'அதெல்லாம் இருந்தது, இப்போது போய்விட்டது' என்ற கழிவுக் குறிப்பை அது சுமக்கிறது. 'தேவையில்லாத சொல்' என்று அதை எடுத்துவிட்டால் ஒப்பாரி போய்ப் பட்டியல்தான் மிஞ்சும். தகடூர் என்பது இன்றைய தர்மபுரிதான். சின்னச் சொல்லின் கனம் இந்த ஊருக்குப் புதிதில்லை.

இப்போது நம்ம 'ஆக்சுவலி'க்கு வருவோம். இங்கிலாந்துக்காரர் இதைப் பெரும்பாலும் எதிராளி நினைத்ததைத் திருத்தத்தான் சொல்வார்: நீங்கள் நினைப்பது அப்படி, உண்மை வேறு. பாலக்கோட்டுப் பையன் "ஆக்சுவலி நேத்து பஸ் கெடைக்கல சார்" என்கிறபோது யாரையும் திருத்தவில்லை. 'அது வந்து...' என்று தயங்குவதற்குப் பதில் அந்தச் சொல்லைப் போடுகிறான். உச்சரிப்புதான் இங்கிலீஷ், வேலை முழுக்கத் தமிழ். 'ஐ மீன்' நம்ம 'அதாவது'. 'இஃப் யூ சீ' என்று ஆரம்பிப்பது டிவி செய்தியாளர்களின் 'பாத்தீங்கன்னா'.

தர்மபுரி மாதிரி எல்லை மாவட்டத்தில் இது இன்னும் சுவாரஸ்யம். இங்கே தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழி. பேச்சின் கடைசியில் தமிழ் வீட்டில் 'இல்ல?' என்பார்கள், கன்னட வீட்டில் 'அல்வா?' (தின்கிற அல்வா இல்லை), தெலுங்கு வீட்டில் 'கதா?'. மூன்று வீட்டுப் பிள்ளைகளும் இங்கிலீஷ் பேசும்போது 'யூ ஆர் கமிங், நோ?' என்றுதான் முடிக்கிறார்கள். 'டுடே இட்செல்ஃப்' என்பது 'இன்னிக்கே'. 'ஹியர் ஒன்லி' என்பது 'இங்கதான்'. தமிழின் ஏகாரமும் 'தான்'-உம் செய்கிற வேலையை வேறு மொழியில் செய்யப் பார்க்கிறார்கள். இதைத் தப்பு என்று திருத்தலாம், அதற்குமுன் இதில் ஓர் ஒழுங்கு இருப்பதையாவது ஒத்துக்கொள்ள வேண்டும்.

முந்தைய தலைமுறை இங்கிலீஷில் நிரப்புச் சொல்லே இல்லையா? ஏகப்பட்டது இருந்தது, காகிதத்தில் இருந்தது. 'ஐ ஆம் டைரக்டட் டு ஸ்டேட் தட்' என்று அரசாங்கக் கடிதம் தொடங்கும், 'டூ த நீட்ஃபுல்' என்று முடியும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு எழுதும் மனுவில் இன்றைக்கும் 'தங்கள் மேலான பார்வைக்குப் பணிந்து சமர்ப்பிக்கிறேன்' உண்டு. வெட்டிவிட்டால் விஷயம் ஒன்றும் குறையாது. ஆனால் இவற்றைக் கேட்டு யாரும் எரிச்சல்படுவதில்லை, மரியாதை என்கிறோம். அதே வேலையை ஒரு பையன் 'ஆக்சுவலி சார்' என்று வாயால் செய்தால் மட்டும் அரைகுறை என்கிறோம்.

என் குறை இங்கேதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தர்மபுரி, சுமார் 68.5 சதவீதம். அரூரிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் காலேஜுக்கு வரும் பிள்ளைகளில் பலர் வீட்டில் முதல் பட்டதாரிகள். கேம்பஸ் இன்டர்வியூவில் 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' என்றதும், தமிழில் யோசித்து, ஆங்கிலச் சொல் தேடி, வாக்கியமாக அடுக்கி, பயத்தையும் அடக்கி, எல்லாவற்றையும் இரண்டு நொடிக்குள் செய்ய வேண்டும். அந்த இரண்டு நொடியை வாங்கிக் கொடுப்பதுதான் 'ஆக்சுவலி'. ஸ்பீக்கிங் கோர்ஸ்களில் முதல் பாடமே 'ஃபில்லர் வேண்டாம்'. அதைப் பிடுங்கிவிட்டு நேரத்தையும் கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? மனப்பாடம் பண்ணியதை ஒப்பிப்பான், இல்லையென்றால் வாயடைத்து நிற்பான். ஆள் எடுக்கிறவருக்கு இரண்டிலும் அவன் யாரென்று தெரியப்போவதில்லை.

அதற்காக எல்லா நிரப்புச் சொல்லுக்கும் வக்காலத்து வாங்கவில்லை. நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் 'வெற்றெனத் தொடுத்தல்' ஒன்று. திருக்குறளில் பயனில சொல்லாமைக்கென்றே ஓர் அதிகாரம். வெறும் பேச்சு குற்றம்தான், அது யார் பேச்சு என்பதுதான் கேள்வி. பணம் ஏன் கணக்கில் ஏறவில்லை என்று கவுன்ட்டரில் கேட்டால் "பேசிக்கலி சர்வர் இஷ்யூ". நோயாளிக்கு என்ன என்று சொந்தக்காரர் கேட்டால் "பேசிக்கலி" என்று தொடங்கிப் புரியாத நாலு சொல். இங்கே சொல்கிறவர் சொல் தேடித் தடுமாறவில்லை. அவருக்குப் பதில் தெரியும், அல்லது தெரியாது என்பது தெரியும். இரண்டையும் சொல்லாமல் தப்பிக்க அந்தச் சொல் உதவுகிறது. 'பேசிக்கலி' என்றால் எளிமையாகச் சொல்கிறேன் என்று பொருள், ஆனால் அதற்குப் பிறகு எளிமையாக எதுவும் வருவதில்லை.

ஆகவே எண்ணிக்கையை வைத்து எரிச்சல்படுவதில் அர்த்தமில்லை. அந்தச் சொல்லை எடுத்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். மெதுவாகவாவது ஒரு பதில் வந்து சேர்ந்தால், அது மூச்சு வாங்கிய இடம், விட்டுவிடலாம். ஒன்றுமே வரவில்லை என்றால் தாராளமாக எரிச்சல்படலாம், "சரிங்க, அப்புறம்?" என்று இன்னொரு தடவை கேட்கவும் செய்யலாம்.

இன்டர்வியூ மேசைக்கு அந்தப்பக்கம் உட்காருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். எதிரில் இருப்பவர் 'ஆக்சுவலி' என்றால் மார்க் குறைக்காமல் மூணு நொடி பொறுங்கள். அப்போதும் வரவில்லையா, "தமிழ்லயே சொல்லுப்பா" என்று கேட்டுப் பாருங்கள். வேலை தெரிந்தவனா இல்லையா என்பது அதில் தெரிந்துவிடும்.