சலிப்பறியாப் பணிவிடை

கண்டுபிடிப்பு ஒன்று கைமீறிப் போவதை நகைச்சுவையாகச் சொல்லும் குடும்பப் படங்களுக்கென ஒரு வாய்பாடு உண்டு. வீட்டுக்குள் ஒரு பொறி வரும், அது தாறுமாறாக இயங்கும், வீடு அல்லோலகல்லோலப்படும், பொறி அடங்கியதும் குடும்பம் ஒன்றுசேரும். 1989இல் வெளியான ‘ஹனி, ஐ ஷ்ரங்க் த கிட்ஸ்’ என்னும் அமெரிக்கப் படத்தில் தகப்பனின் கருவி பிள்ளைகளையே பூச்சியளவாகச் சுருக்கிவிடுகிறது. ரதீஷ் பாலகிருஷ்ணன் பொதுவாள் இயக்கிய ‘ஆண்ட்ராய்டு குஞ்ஞப்பன் வெர்ஷன் 5.25’ (2019) என்னும் மலையாளப் படமும், அதன் தமிழாக்கமான ‘கூகுள் குட்டப்பா’வும் (2022) இந்த வாய்பாட்டின் மேற்சட்டையை அணிந்தவை. ஆயினும் மலையாள மூலம் உள்ளுக்குள் வேறொரு வினாவைச் சுமந்திருக்கிறது. பழுதே இன்றிச் செவ்வனே இயங்கும் பொறியால் ஒரு வீட்டில் என்ன கெடுகிறது என்பதே அவ்வினா.

கதை எளியது. பையனூரில் வாழும் முதியவர் பாஸ்கரப் பொதுவாள். மிக்சி முதலிய வீட்டுச் சாதனங்களைக்கூட ஏற்காத பிடிவாதக்காரர். பொறியாளனான மகன் சுப்பிரமணியன் தந்தையின் பொருட்டு வேலைகளை இழந்தபடியே இருக்கிறான். வெளிநாட்டு வேலை கிடைத்ததும், தந்தையைப் பேணுவதற்கு நிறுவனத்தின் சோதனை எந்திரனைக் கொண்டுவந்து விட்டுச் செல்கிறான். முதலில் முகம் சுளிக்கும் கிழவர், மெல்ல அதற்குப் பெயரிட்டு, வேட்டி சட்டை உடுத்தி, பிள்ளையாகவே பாவிக்கத் தொடங்குகிறார். மகன் திரும்பிவந்து எந்திரனை மீட்க முற்படும்போது தர மறுக்கிறார். பிற்பகுதியில் எந்திரனை அபாயமான பொருளாகக் காட்டி விறுவிறுப்பூட்டியிருப்பது இயக்குநரின் தடுமாற்றம் என்றே எண்ணுகிறேன். அந்த அபாயம் இல்லாமலே கதை போதிய அளவு அச்சம் தருவதாக இருந்தது.

கருங்கல் போன்ற ஊரில் இப்படத்தின் கேலியும் நோவும் உரை தேவையின்றிப் புரியும். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த நிலம் இது. மலையாளப் படத்துக்கு இங்கே மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை. கடல்கடந்த சம்பாத்தியத்தில் எழும்பிய மாடிவீடுகள் பலவற்றில் இன்று குடியிருப்பது ஒரு முதியவரோ இருவரோதான். சுவரில் பொருத்திய கேமராவைத் தம் கைப்பேசியில் திறந்து, வாப்பா மருந்து குடித்தாரா என வளைகுடாவிலிருந்தே பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளை நாம் அறிவோம். குஞ்ஞப்பன் அக்கேமராவுக்குக் கையும் காலும் முளைத்த வடிவம், அவ்வளவே.

திருமறையின் பனூ இஸ்ராயீல் அத்தியாயம் முதுமையடைந்த பெற்றோரிடம் சலிப்பின் சிற்றொலியைக்கூட எழுப்பலாகாது என விலக்குகிறது. இவ்விலக்கை வரிபிசகாது கடைப்பிடிக்கும் ஒரே ‘பிள்ளை’ இப்படத்தில் எந்திரன்தான். ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்டாலும் அது பெருமூச்சு விடாது. ஆனால் விலக்கு விதிக்கப்பட்டது சலிப்பு வரக்கூடிய உயிருக்கு. நாவின் நுனிவரை வந்த ஒலியை விழுங்குகிறவனிடமே பொறுமை என்ற பண்பு உண்டு. விழுங்க ஏதுமற்ற பொறியிடம் இருப்பது வெறும் அமைதி. கிழவர் அந்த அமைதியை அன்பென்று கொள்கிறார். அதனோடு ஒப்பிடப்பட்டதும் களைத்தும் சினந்தும் பேசுகிற மகன் குறையுள்ளவனாகத் தெரிகிறான். கண்டுபிடிப்பு கெட்டுப்போகும் இடம் இதுவே.

பணிவிடை செய்யும் பொறி நம் மரபுக்குப் புதிதன்று. அர்துகிய மன்னர் நாஸிருத்தீன் மஹ்மூதின் அவையில் இருந்த அல்ஜஸரீ, 1206இல் நிறைவுசெய்த தம் பொறியியல் நூலில் உளூச் செய்வதற்கு நீர் வார்க்கும் பதுமை ஒன்றை வரைபடத்துடன் விளக்குகிறார். பணியாளோ அடிமைப் பெண்ணோ தம் கையில் நீர் வார்ப்பதை மன்னர் விரும்பாததால் அதைச் செய்ததாக அவரே காரணமும் கூறுகிறார். அங்கே பொறி அகற்றியது அடிமையின் கையை. பையனூரில் அகற்றுவது மகனின் கையை. 1920இல் செக் நாடகாசிரியர் காரெல் சாப்பெக் உலகுக்குத் தந்த ‘ரோபோ’ என்ற சொல்லின் வேரும் கட்டாய உழைப்பைக் குறிப்பதே.

கருங்கல்லுக்கு அருகிலுள்ள தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முஹம்மது மீரானின் ‘சாய்வு நாற்காலி’ (1997ஆம் ஆண்டின் சாகித்ய அகாதமி விருது பெற்றது) இவ்விடத்தில் நினைவுக்கு வராமல் போகாது. பழம்பெருமையில் சாய்ந்துகிடந்து, வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்னும் முஸ்தபாக்கண்ணுக்கு எந்திரன் எதற்கு? மனைவி மரியம் பீவி இருக்கிறாள். அவளுடைய களைப்பை அந்த வீடு களைப்பென்று எண்ணியதே இல்லை. பொதுவாளின் வீட்டில் பெண் இல்லை. அதனாலேயே அங்கே பொறி வந்து சேர்கிறது. ஒரு மருமகள் இருந்திருப்பாளாயின் இந்தக் கண்டுபிடிப்புக்குத் தேவையே எழுந்திராது. மாமனார், மாமியாருக்கான பணிவிடையை ஃபிக்ஹு மருமகள் மீது சட்டக் கடமையாக்கவில்லை, கடமை பிள்ளைகளுடையது. நம் வீடுகளின் வழக்கமோ நேர்மாறு. படம் இதைத் தொடாமல் கடந்துபோவது அதன் பெரிய குறை.

சபரி, சரவணன் இருவரும் இணைந்து இயக்கிய தமிழாக்கத்தில், படத்தைத் தயாரித்த கே.எஸ்.ரவிக்குமாரே தந்தையாக நடித்தார். உழைப்பில் குறையில்லை, எனினும் கிழவரின் முரட்டுத்தனம் தமிழில் மழுங்கிவிட்டது. முதலிலேயே நமக்கு வேண்டியவராகிவிடும் ஒருவர் எந்திரனிடம் மனம் நெகிழ்வதில் வியப்பென்ன? சூரஜ் வெஞ்ஞாறமூடு அமைத்துக் காட்டிய பாஸ்கரப் பொதுவாள் எளிதில் விரும்பத்தக்க மனிதர் அல்லர். அவருடன் ஒரு வாரம் தங்கினால் நாமும் வெளிநாட்டு வேலை தேடுவோம். ‘விக்ருதி’ படத்தையும் சேர்த்து 2019ஆம் ஆண்டுக்கான கேரள அரசின் சிறந்த நடிகர் விருது அவருக்கு அளிக்கப்பட்டது தகுதியானதே.

இன்னொரு சூரஜையும் குறிப்பிட வேண்டும். திரையில் நாம் காணும் குஞ்ஞப்பன் முழுவதும் கணினி வரைந்த உருவம் அன்று. சூரஜ் தேலக்காடு என்ற சிறிய உருவமுடைய நகைச்சுவைக் கலைஞர் அந்தக் கனத்த உடைக்குள் புகுந்து நடித்தார். களைப்பே அறியாத அந்தப் பிள்ளையின் உள்ளே, முகம் தெரியாமல் ஒரு மனிதர் வியர்த்துக்கொண்டிருந்தார்.