இரை தெரிந்தால் நத்தை தெரியும்

அனிலாவில் முதல் இரண்டு நாள் என் கண்ணில் ஒன்றுமே படவில்லை. பிலிப்பைன்ஸின் பத்தாங்கஸ் மாகாணத்துக் கடலோர ஊர் அது. மணிலாவிலிருந்து காரில் மூன்று மணி நேரம். இருபுறமும் மூங்கில் கட்டிய பங்கா படகில் போய், 15 மீட்டர் ஆழத்தில் இறங்கி, கண் வலிக்க வலிக்கத் தேடினேன். கூட வந்த உள்ளூர் வழிகாட்டியோ நிமிடத்துக்கு ஒரு நத்தையைச் சுட்டிக்காட்டிக்கொண்டே போனார். மூன்றாம் நாள்தான் அவர் பார்வை எங்கே போகிறது என்று கவனித்தேன். கடற்பஞ்சு எங்கே, பாசி எங்கே என்றுதான் பார்க்கிறார். பந்தி தெரிந்துவிட்டால் சாப்பிட உட்கார்ந்திருப்பவர் தெரியாமலா போவார்?

நான் தேடிப்போனது நூடிபிராங்க் எனும் ஓடில்லாக் கடல் நத்தைகளை. நம் கரையோரத்தில் கடல் அட்டை என்பார்களே, அது வேறு. அது நட்சத்திர மீனுக்கு உறவு. இது அசல் நத்தைதான். குஞ்சாக நீந்தும்போது ஓடு இருக்கும், வளரும்போது உதிர்த்துவிடும். 3,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவை நம் விரல் நீளம்கூட வராது.

ஓடு இல்லாத உடம்பு எப்படித் தப்பிப் பிழைக்கிறது? தின்பதை வைத்துத்தான். குரோமோடோரிஸ் வகை நத்தைகள் கடற்பஞ்சைத் தின்று, அதிலுள்ள நஞ்சைத் தம் தோலில் சேர்த்துக்கொள்கின்றன. முதுகெல்லாம் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு வகை, சொறிமுட்டையின் உறவான ஹைட்ராய்டைத் தின்னும். பட்டால் நம் கை தடித்துப்போகிற அதன் சொறியணுக்களை வெடிக்காமல் விழுங்கி, தன் முதுகு விரல்களின் நுனியில் அடுக்கி வைத்துக்கொள்ளும். இரையின் ஆயுதம் இதன் ஆயுதமாகிவிடுகிறது. நெம்ப்ரோதா என்ற கறுப்பு–பச்சை அழகனுக்கு, பாறையில் குடுவை குடுவையாக ஒட்டியிருக்கும் அசிடியன்தான் ஆகாரம். ஒவ்வொன்றுக்கும் தனி இலை, தனிச் சாப்பாடு. இதைப் படித்துவிட்டு இறங்குகிறவருக்குக் கடலடி வேறாகத் தெரியும். வெறும் பாறை என்று கடந்து போன இடத்தில் நின்று பார்ப்பீர்கள்.

ஒன்று கிடைத்துவிட்டதா? உடனே கேமராவைத் தூக்காதீர்கள். தலையில் இரண்டு கொம்புகள் இருக்கும், அவை முகர்வதற்கு. பல இனங்களுக்கு முதுகின் பின்பக்கம் பூ விரிந்ததுபோல ஒரு கொத்து இருக்கும், அதுதான் செவுள். கொம்பையும் பூவையும் உள்ளே இழுத்துக்கொண்டால் அது மிரண்டிருக்கிறது என்று அர்த்தம். மூச்சை நிதானமாக விட்டு, சற்று விலகிக் காத்திருங்கள். பூ மறுபடி விரிகிற அந்த அரை நிமிடத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

படம் எடுக்க மேக்ரோ லென்ஸ் வேண்டும். ஆழத்தில் முதலில் காணாமல் போவது சிவப்புதான். அதனால் ஃபிளாஷோ டார்ச்சோ இல்லாமல் உண்மை நிறம் வராது. மேலிருந்து எடுத்தால் அடையாளம் காணலாம், அவ்வளவே. கேமராவை நத்தையின் தலை மட்டத்துக்குத் தாழ்த்தி, இரண்டு கொம்புகளும் கூர்மையாக விழும்படி எடுத்துப் பாருங்கள், அதற்கு முகம் வந்துவிடும். ஆனால் மிதப்புக் கட்டுப்பாடு கைவராதவர் கேமரா எடுத்துப் போகவே கூடாது என்பேன். துடுப்பு ஒரு முறை உரசினால் பல வருடம் வளர்ந்த பவளம் உடையும். வண்டல் கிளம்பினால் படமும் போச்சு. நல்ல படத்துக்காக நத்தையைக் குச்சியால் தள்ளி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மனம் கொதிக்கும். இரையிலிருந்து பிரித்த நத்தையின் படத்தில் பாதிக் கதைதான் இருக்கிறது. லென்ஸிலேயே லயித்துப்போய் காற்றுமானியைப் பார்க்க மறப்பதும் நடக்கும்; ஐந்து படத்துக்கு ஒரு முறையாவது கண் அங்கே போகட்டும்.

எந்த இனம் என்பதை நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். 2018-இல் பெயர் சூட்டப்பட்ட ஹிப்செலோடோரிஸ் இபா என்ற இனம் ஊதாவிலும் இருக்கிறது, வெளிர் நிறத்திலும் இருக்கிறது. பார்த்தால் ஒரே இனம் என்று சொல்ல மாட்டீர்கள். இபா என்றால் தகாலோக் மொழியில் 'வேறு'. இந்தக் கடலில் பல ஆண்டுகளாக முக்குளித்து, நூற்றுக்கணக்கான இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கும் கலிஃபோர்னிய விஞ்ஞானி டெர்ரி காஸ்லினர் அதற்குப் பெயர் சூட்டிய ஆய்விலும் இருந்தார். நாம் இத்தனை வியக்கும் நிறங்கள் அந்த நத்தைகளுக்கே தெரியாது என்பதுதான் விந்தை. வெளிச்சம், இருட்டு, இந்த இரண்டைத் தாண்டி அவற்றின் கண்ணுக்கு எதுவும் எட்டாது. துணையைத் தேடுவதும் வாசனையால்தான்.

நூடிபிராங்க் அல்லாத ஒரு கடல் நத்தையையும் விட்டுவிடாதீர்கள்: காஸ்டசியெல்லா. வெல்வெட் போன்ற ஒரு பச்சைப் பாசியின் மேல், அரிசி அளவில், ஆட்டுக்குட்டி முகத்தோடு உட்கார்ந்திருக்கும். பாசியை உறிஞ்சி, அதன் பசுங்கணிகங்களை முதுகில் சேமித்து வைக்கிறது. முதலில் அந்தப் பாசியைக் கண்டுபிடியுங்கள், பிறகு இலை இலையாகப் பாருங்கள்.

கடைசி நாள் இரவு இறங்கினோம். பாறையில் ரோஜா பூத்ததுபோல ஒரு சிவந்த சுருள், ஸ்பானிஷ் டான்சர் என்ற பெரிய நத்தை இட்ட முட்டை நாடா. அழகாக இருக்கிறதே என்று நகரப் போனேன். வழிகாட்டி என் கையைப் பிடித்து நிறுத்தி, இதழ்களுக்கு நடுவே டார்ச்சைக் காட்டினார். அங்கே ஃபேவரினஸ். மற்ற நத்தைகளின் முட்டையைத் தின்று வாழும் குட்டி நத்தை. இந்த முறை நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அவர் டார்ச்சால் கேட்டார்: ரோஜா யாருக்குச் சாப்பாடு?