முதல் கோட்டுக்கு முன்னால்

ஓர் அனிமேட்டர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ள அவர் செய்த படத்தைப் பார்த்தால் போதும் என்பார்கள். எனக்கு இன்னொன்றையும் பார்க்க ஆசை: அவருடைய மென்பொருளின் பிரிஃபரன்ஸஸ் பலகம். மெனுவின் கடைக்கோடியில் கிடக்கும் அதைப் பலர் திறப்பதே இல்லை. திறந்தவர்களிலும் பாதிப் பேர் திரையைக் கறுப்பு நிறத்துக்கு மாற்றிவிட்டு மூடிவிடுவார்கள். தொழிலில் ஊறியவர் அப்படி இல்லை. கோடு எவ்வளவு நடுங்கலாம், இரண்டு நிலைகளுக்கு நடுவில் கணினி எவ்வளவு தலையிடலாம், முந்தைய படத்தின் நிழல் என்ன நிறத்தில் தெரிய வேண்டும் என்று ஒவ்வொன்றையும் யோசித்து வைத்திருப்பார். மென்பொருள் தன்னோடு கொண்டுவரும் டிஃபால்ட் என்பது வேறு யாரோ ஒருவருடைய ரசனை. அதை எங்கே ஏற்றார், எங்கே மறுத்தார் என்பதில்தான் இவருடைய ரசனையை முதன்முதலில் பார்க்கிறேன்.

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்துக்கு அனிமேஷன் கலை தூரத்து விஷயம் அல்ல. சிராங்கூன் சாலையிலிருந்து ரோச்சோர் பக்கம் பொடிநடையாகப் போனால் மெக்நேலி தெருவில் லாசால் கலைக் கல்லூரி வந்துவிடும். அனிமேஷன் அங்கே பட்டப்படிப்பு. அங்கிருந்து சற்றே நடந்தால் கணினிச் சாமான்களுக்குப் பேர்போன சிம் லிம் ஸ்குவேர். 2005இல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் கலை, வடிவமைப்பு, ஊடகப் பள்ளியைத் தொடங்கியது. அதே ஆண்டில் லூகாஸ்ஃபிலிமும் சிங்கப்பூரில் அனிமேஷன் கூடம் திறந்தது. அதற்குப் பிறகு வளர்ந்த தலைமுறைக்கு டைம்லைன், கீஃப்ரேம், ஸ்ப்லைன் எல்லாம் வீட்டுப் பேச்சில் புழங்கும் சொற்கள்.

அதே தேக்காவின் கேம்பல் லேனில் மாலை கட்டுபவரைக் கவனித்திருக்கிறீர்களா? முதல் பூவை எடுக்கும் முன்பே நூல்கண்டு இடக்கைப் பக்கமும் ஈரத்துணி மூடிய பூத்தட்டு வலக்கைப் பக்கமும் வந்துவிடும். பிறகு கண் அந்தப் பக்கமே போகாது. நல்ல அமைப்பும் அப்படித்தான், வேலை தொடங்கியதும் கவனத்திலிருந்து மறைந்துவிடும்.

கணினிக்கு முன்பும் இந்த விருப்பங்கள் இருந்தன. காகிதத்தில் வரைந்த காலத்தில் தாள்கள் நகராமலிருக்க மேசையில் ஒரு பெக் பார் இருக்கும்: நடுவில் உருண்டையாக ஒரு முளை, இருபுறமும் தட்டையாக இரண்டு. அதைத் தாளின் மேல் விளிம்பில் வைப்பதா, கீழ் விளிம்பில் வைப்பதா என்பதில் ஆளுக்கொரு கட்சி. கீழே வைத்தால் நாலைந்து தாள்களை விரலிடுக்குகளில் பிடித்து உருட்டி, வரைந்துகொண்டிருக்கும்போதே அசைவைப் பார்த்துவிடலாம். மேலே வைத்தால் கை தடுக்காமல் வரையலாம். நான் கீழ் விளிம்புக் கட்சி. அசைவைப் பார்த்துக்கொண்டே வரையாத படத்தில் உயிர் தங்காது.

இனி கோட்டுக்கு வருவோம். 1996இல் ஃபியூச்சர்ஸ்பிளாஷ் அனிமேட்டர் என்ற பெயரில் வந்து, அதே ஆண்டு மேக்ரோமீடியாவின் கைக்குப் போய் ஃபிளாஷ் ஆகி, பின்பு அடோபியிடம் சேர்ந்து, 2016இல் அனிமேட் என்று பெயர் மாறிய மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வரைதலுக்கென்றே ஒரு பிரிவு உண்டு. அருகருகே வந்த கோட்டு முனைகளை இணைக்கலாமா, வளைவை எவ்வளவு மழுப்பலாம், ஏறக்குறைய நேராக வந்த கோட்டை முழு நேர்கோடாக்கலாமா, ஏறக்குறைய வட்டமாக வந்ததை முழு வட்டமாக்கலாமா என்றெல்லாம் அது கேட்கும். ஒன்றும் சொல்லாமல் விட்டால் எல்லாவற்றிலும் நடுத்தரமாக உதவி செய்யும். விளம்பரப் படத்துக்கான சின்னம் வரைகிறவருக்கு அந்த உதவி வரம். ஒரு பாட்டி வாசலில் கோலம் போடுகிற காட்சியை வரைகிறவருக்கு அது இடைஞ்சல். விரலிடுக்கில் மாவு சீராக விழாததால் கோடு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிகிறது. வளைவு முடிகிற இடம் தொடங்கிய இடத்தோடு துளி விலகிச் சேர்கிறது. அந்தத் துளி விலகலில்தான் பாட்டி இருக்கிறாள். மென்பொருள் அதைப் பிழை என்று எண்ணித் திருத்திவிட்டால் கோலம் மிஞ்சும், பாட்டி போய்விடுவாள். அதனால் இந்தப் பகுதியில் எல்லாவற்றையும் அணைத்து வைத்திருக்கும் அனிமேட்டரைக் கண்டால் எனக்கு உடனே மரியாதை வந்துவிடும்.

கைக்கும் திரைக்கும் நடுவே வரைபலகை இருக்கிறது. பேனாவை எவ்வளவு அழுத்தினால் கோடு எவ்வளவு தடிக்கும் என்பதை அதன் அமைப்பில் மென்மையாகவோ கடினமாகவோ வைக்கலாம். அதைவிட முக்கியமான இன்னொரு சின்னக் கட்டம் உண்டு. பலகையின் நீள அகல விகிதமும் திரையின் விகிதமும் பொருந்தாவிட்டால் கை வட்டம் போடும், திரையில் முட்டை விழும். விகிதத்தைக் கட்டாயமாக்கும் அந்தக் கட்டத்தில் ஒரு டிக் போட்டால் தீர்ந்தது. தன் கைதான் சரியில்லை என்று மாதக்கணக்கில் நொந்துகொள்ளும் மாணவர்களுக்கு யாராவது இதைக் காட்டிக்கொடுத்தால் புண்ணியம்.

எல்லாவற்றிலும் ஆழமான முடிவு என்று நான் நினைப்பது, இரண்டு கீகளுக்கு, அதாவது அனிமேட்டர் தானே வைக்கும் இரண்டு முக்கிய நிலைகளுக்கு, நடுவில் என்ன நடக்கலாம் என்பது. மாயா, பிளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருள்களில் இரண்டு நிலைகளைக் கொடுத்தால் இடைப்பட்ட ஃபிரேம்களைக் கணினியே நிரப்பிவிடும். டிஃபால்டாக வழுவழுவென்ற வளைவில் நிரப்பும். பரதநாட்டியத்தில் ஒரு தட்டடவை அசைவூட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அரைமண்டியில் உடல் நிற்கிறது, கால் மேலே எழுகிறது, தரையில் அறைகிறது. கால் தரையைத் தொடும் நிலை அந்த வளைவின் கடைசிப் பள்ளம். தானியங்கி வளைவு பள்ளத்தில் படுத்துக்கொள்ளும். அதனால் தரைக்கு அருகே வரும்போது காலின் வேகம் குறைந்து, மெதுவாக வந்து பதியும். தாளம் விழ வேண்டிய இடத்தில் கால் சத்தமில்லாமல் இறங்கும். நிலைகள் இரண்டும் சரி, அடவு மட்டும் தவறு. கணக்கில் ஒரு பிசகும் இல்லை என்பதால் புதியவருக்கு எங்கே கோளாறு என்றே பிடிபடாது.

தேர்ந்தவர் என்ன செய்வார்? பலகத்தைத் திறந்து, புதிதாக வைக்கும் ஒவ்வொரு கீயும் ஸ்டெப்டாக இருக்கட்டும் என்று மாயாவுக்குச் சொல்லிவிடுவார். பிளெண்டரில் இதற்கு கான்ஸ்டன்ட் என்று பெயர். இப்போது இடையில் ஒன்றுமே நடக்காது. ஒரு நிலை அப்படியே நிற்கும், அடுத்த கீ வந்ததும் சட்டென்று மாறும். பார்க்க வெட்டி வெட்டி ஓடும். ஆனால் ஒவ்வொரு நிலையும் தன் பலத்தில் நின்றாக வேண்டும். வழுவழுப்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. நிலைகளும் காலக்கணக்கும் தேறிய பிறகுதான் வளைவுக்கு மாற்றுவார். மாற்றும்போதும் கால் அறையும் இடத்தில் வளைவைக் கையால் உடைத்துக் கூராக்குவார். சிலர் கடைசிவரை வழுவழுப்பைத் தொடுவதே இல்லை. 2018இல் வந்த ‘ஸ்பைடர்-மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்’ படத்தில் கற்றுக்குட்டியான மைல்ஸ் சில இடங்களில் நொடிக்குப் பன்னிரண்டு நிலைகளில் அசைய, பழகிய ஸ்பைடர்மேன் இருபத்து நான்கில் அசைவார். ஒருவன் இன்னும் தேறவில்லை என்பதை வசனமே இல்லாமல் சொல்லிவிட்ட அந்த முடிவை நான் கொண்டாடுகிறேன்.

நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். மாயாவும் பிளெண்டரும் திரைப்படக் கணக்கில் 24 என்று வைத்துத் தரும். சிங்கப்பூர்த் தொலைக்காட்சியின் மரபு 25. ஒரு நிமிடத்துக்கென்று 24இல் செய்த 1,440 ஃபிரேம்களை 25இல் ஓட்டினால் 57.6 நொடியில் முடிந்துவிடும். வாய் மூடிய பிறகும் வசனம் 2.4 நொடி ஓடும்.

நிழலாகத் தெரியும் படங்களின் நிறம் சுவையான விஷயம். முந்தைய, பிந்தைய படங்களை மங்கலாகக் காட்டும் ஆனியன் ஸ்கின்னில் டூன் பூம் ஹார்மனி என்ற மென்பொருள் முந்தையதைச் சிவப்பிலும் அடுத்ததைப் பச்சையிலும் காட்டும். பிளெண்டரின் வரைகருவியான கிரீஸ் பென்சிலில் பச்சை என்றால் முந்தையது. ஒன்றில் பழகிய கண் இன்னொன்றுக்குப் போனால் காலம் முன்பின்னாகப் புரண்டுவிடும். இரண்டிலும் வேலை செய்பவர்கள் இரண்டையும் ஒரே நிறத்துக்கு மாற்றிக்கொள்வது வெறும் வசதிக்காக அல்ல; எது இறந்தகாலம், எது எதிர்காலம் என்று கண் யோசிக்க நேர்ந்தால் கை தயங்கிவிடும்.

சிங்கப்பூரில் வேலை செய்யும் தமிழ் அனிமேட்டருக்கு இன்னொரு கட்டம் இருக்கிறது. இங்கே பொது அறிவிப்புப் படங்கள் பலவற்றுக்கு நான்கு மொழிகளில் எழுத்து வேண்டும். அப்படங்களில் எழுத்தை அசைக்க உதவும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளின் பழைய பதிப்புகளில் லத்தீன் எழுத்தை மனத்தில் வைத்த எழுத்து இயந்திரம்தான் டிஃபால்ட். ‘கொ’ என்று தட்டினால் நினைவகத்தில் ககரம் முதலில், குறி பின்னால். அந்தக் குறியைப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் நிறுத்த வேண்டியது மென்பொருளின் பொறுப்பு. லத்தீன் இயந்திரத்துக்கு அது தெரியாது. கொம்பு இடம் மாறி நிற்கும், புள்ளி எங்கோ தொங்கும். பிரிஃபரன்ஸஸில் எழுத்துப் பிரிவுக்குப் போய், தெற்காசிய, மத்திய கிழக்கு எழுத்துகளுக்கான இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் ஒழுங்காக அமரும். ஃபோட்டோஷாப்பிலும் இதே போன்ற தேர்வு இருந்தது. தமிழ் வாசிக்கத் தெரியாதவர் கையில் கோப்பு போனால் இந்தக் கோளாறு கண்ணில் படாமலேயே அச்சுக்கும் ஒளிபரப்புக்கும் போய்விடும். 2017இல் தேசிய தின அணிவகுப்பின் விளம்பரத் தாளில் தமிழ் வரி உருக்குலைந்து வெளியாகி, ஏற்பாட்டுக் குழு மன்னிப்புக் கேட்டது பலருக்கு நினைவிருக்கும்.

இந்த ஊரில் இப்படி நடக்கும்போது கூடுதலாக வலிக்கிறது. கணினியில் தமிழ் நேராக நிற்பதற்கு இங்கேதான் அவ்வளவு உழைப்பு நடந்தது. சிங்கப்பூர் எழுத்தாளரும் தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் கற்பித்தவருமான நா. கோவிந்தசாமி ‘கணியன்’ என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கினார். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறியபோது தமிழும் திரையில் நின்றதற்கு அவர் காரணம். 1997 மே மாதம் இங்கே அவர் முன்னின்று நடத்திய தமிழிணைய மாநாட்டின் தொடர்ச்சியாகவே 1999 சென்னை மாநாடு வந்தது. தமிழ்99 விசைப்பலகை அங்கே தரப்படுத்தப்பட்டது. அந்த ஆண்டே அவர் மறைந்தார். அவர் தலைமுறை எழுத்துருவையும் குறியீட்டையும் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து கட்டியது. நமக்கு ஒரு கட்டத்தைத் திறந்து ஒரு வரியைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

புதுக் கணினிக்கு மாறினால், பழைய அமைப்புக் கோப்பை ஏற்றிய கையோடு ‘கொண்டாட்டம்’, ‘பௌர்ணமி’, ‘ஸ்ரீ’ என்று மூன்று சொற்களைத் தட்டிப் பார்ப்பது என் வழக்கம். கொம்பு, கால், புள்ளி மூன்றும் அதனதன் இடத்தில் இருந்தால் டைம்லைனைத் திறப்பேன். இல்லாவிட்டால், எவ்வளவு அவசர வேலையானாலும், எழுத்துப் பிரிவுக்குத்தான் முதலில் போவேன்.