நீரோட்டம் சுமக்கும் மஞ்சள்

ஹவாய்த் தீவின் மேற்குக் கரையோரப் பவளப்பாறைகளில், அந்தி சாயும் வேளையில் மஞ்சள் டாங் மீன்கள் தூவும் முட்டைகளிலிருந்து பொரியும் இளவுயிரி, அதாவது இன்னும் மீன் வடிவம் கொள்ளாத குஞ்சு, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் மெல்லுடலோடு வாரக்கணக்கில் நீரோட்டத்தின் மடியிலேயே வளர்கிறது. நில்லாது ஓடும் நீர் அவ்வளவு மென்மையான ஒன்றைச் சிதைக்காமல் சுமந்து, மீன்பிடிப்பு கட்டுப்படுத்தப்பட்ட காப்புப் பகுதியில் பிறந்ததை வேறொரு பாறையருகே சேர்க்கும் பக்குவம் வியக்கத்தக்கது. 2010இல் வெளியான மரபணு ஆய்வு, பெற்றோரிடமிருந்து 184 கிலோமீட்டர் தொலைவில் குடியேறிய குஞ்சையும் அடையாளம் கண்டது.

ஆயினும், பவளப்பாறை மீன்களின் குஞ்சுகள் நீர் இழுத்த இழுப்புக்கெல்லாம் போகும் துரும்புகள் அல்ல. எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் இறால்கள் கிடுக்கி சொடுக்கும் ஓசையைக் கேட்டு அவற்றுட் பல பாறையை நோக்கி நீந்துகின்றன. மஞ்சள் டாங்கின் கண்ணாடியுடலிலோ, பாறையைச் சேர்ந்தபின் மஞ்சள் மெல்ல ஊறி நிறைகிறது.